மசக்கைக்கு வாசனை வைத்தியம்: எலுமிச்சையும் தைலமும் எவ்வளவு கைகொடுக்கும்?

ரப்பரும் பின்னர் செம்பனையும் நின்ற செண்டாயான் மண்ணில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டையும் எழுந்துவிட்டன. தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பெரியவர்கள் முதலில் எடுத்துக் கொடுப்பது மட்டும் மாறவில்லை. முகர்ந்து பார்க்க ஓர் எலுமிச்சம்பழம்; அது போதவில்லை என்றால் கைக்குட்டையில் இரண்டு சொட்டுக் கோடாலித் தைலம்.

இந்தப் பழைய வழக்கத்தோடு இப்போது புதிய ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 'அரோமாதெரபி' என்ற பெயரில் லெமன், பெப்பர்மின்ட், லெவெண்டர் என்று சிறு சிறு புட்டிகளில் நறுமண எண்ணெய்கள் இணையக் கடைகளில் விற்கின்றன. "முழுக்க இயற்கை", "கர்ப்பிணிகளுக்கு ஏற்றது" என்ற விளம்பரங்களுக்கும் குறைவில்லை. இவற்றில் எது குமட்டலைக் குறைக்கும், எது வெறும் மணம், எது ஆபத்து என்று பிரித்துச் சொல்பவர்கள்தான் குறைவு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். பாட்டி கொடுத்த எலுமிச்சம்பழத்திற்கு மருத்துவ ஆய்வில் ஓரளவு ஆதரவு இருக்கிறது. தைலத்திற்கு அந்த அளவுக்கு இல்லை.

மசக்கை என்னும் பழைய துன்பம்

கருவுற்ற பெண்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. நான்காம் வாரத்திற்கும் ஆறாம் வாரத்திற்கும் இடையில் தொடங்கி, ஒன்பதாம் வாரத்தை ஒட்டி உச்சத்திற்குப் போய், பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரத்திற்குள் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் இதைக் 'காலை நோய்' என்பார்கள். அந்தப் பெயர் வைத்தவருக்கு அனுபவம் இருந்திருக்காது. காலை, மதியம், நள்ளிரவு என்று எந்த நேரத்திலும் வரும்.

தமிழில் இதற்கு 'வயா' என்று ஒரு பழஞ்சொல் உண்டு. வேட்கை பெருகுவதைக் குறிக்கும் சொல் என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறது. குறுந்தொகையின் 287ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார் நீர் சுமந்த மேகத்தைப் புளிப்புக்கு ஏங்கும் நிறைசூலிக்கு ஒப்பிடுகிறார். புறநானூற்றின் 20ஆம் பாடலில் வயா கொண்ட பெண்கள் மண் தின்னும் செய்தி வருகிறது. புளிப்பு தேடுவது இன்றும் இருக்கிறது; மண், சாம்பல், சுண்ணக்கட்டி தின்ன ஆசைப்படுவதும் இருக்கிறது. பின்னது பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் என்பதால் தாதியிடம் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். சங்கப் பாடலில் இருக்கிறது என்பதற்காக மண் மருந்தாகிவிடாது.

ஏன் வாந்தி வருகிறது என்பதற்கு நீண்ட காலம் சரியான விடை இல்லை. மனம் சம்பந்தப்பட்டது, செல்லம் கொண்டாடுகிறாள், முதல் பிள்ளை என்றால் அப்படித்தான் என்றெல்லாம் வீட்டிலும் சொன்னார்கள், மருத்துவர்களிலும் சிலர் சொன்னார்கள். 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இந்தப் பேச்சுக்குப் பெரும்பாலும் முற்றுப்புள்ளி வைத்தது. அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்லினா ஃபெய்சோவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் ஓராஹிலியும் முன்னின்று நடத்திய அந்த ஆய்வில் இலங்கை ஆய்வாளர்களும் பங்கேற்றார்கள். கருவிலும் நஞ்சுக்கொடியிலும் சுரக்கும் 'ஜிடிஎஃப்15' என்ற புரதம் தாயின் இரத்தத்தில் கலந்து, பின்மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியில் வேலை செய்கிறது. கருவுறுவதற்கு முன் எந்தப் பெண்ணின் உடலில் அந்தப் புரதம் மிகக் குறைவாக இருந்ததோ, அவளுக்கு அது திடீரென்று கூடும்போது பாதிப்பும் கடுமையாகிறது.

இதற்கு நேர்மாறான சான்றும் கிடைத்தது. பீட்டா தலசீமியா நோய் உள்ள பெண்களின் உடலில் இந்தப் புரதம் எப்போதும் அதிகமாகவே இருக்கும். அவர்கள் கருவுற்றபோது மசக்கை மிகக் குறைவாகவே இருந்தது. தலசீமியாவைப் பற்றி நம் நாட்டில் அறியாதவர் குறைவு. படிவம் 4 மாணவர்களுக்கே பரிசோதனை நடக்கிறது. இங்கே சொல்லப்படுவது நோய் உள்ளவர்களைப் பற்றி. மரபணுவை மட்டும் சுமப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, மாமியார் வீட்டில் வாந்தி எடுக்கும் மருமகள் நடிக்கவில்லை. காரணம் இரத்தத்தில் இருக்கிறது.

மூக்கு எங்கே வருகிறது?

காரணம் இரத்தத்தில் என்றால் வாசனைக்கு இதில் என்ன வேலை? மூக்கிலிருந்து போகும் செய்தி மற்றப் புலன்களின் செய்தியைப் போல் சுற்றி வளைத்துப் போவதில்லை. நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் மூளைப் பகுதிகளுக்கு அது நேராகவே போய்ச் சேர்கிறது. ஏற்கெனவே வாந்தியின் விளிம்பில் நிற்கும் உடலுக்கு ஒரு கெட்ட மணம் போதும், தள்ளிவிட. அதே போல் பழகிய, தூய்மையான ஒரு மணம் கவனத்தைத் திருப்பி, மூச்சை ஆழமாக்கி, அந்த நிமிடத்தைக் கடக்க உதவலாம். அடிக்காரணத்தை அது தொடாது. வாசனை வைத்தியத்தின் எல்லை இதுதான்.

அதனால் நல்ல மணத்தைத் தேடுவதற்கு முன் கெட்ட மணத்தை விலக்குவது பாதி வேலை. கருவுற்ற பெண்கள் பலர் முன்பு தெரியாத வாடையெல்லாம் இப்போது தெரிகிறது என்கிறார்கள். பெலாச்சான் வறுக்கும் வாடை, மீன் கழுவிய நீர், காய்ந்த எண்ணெய், கணவரின் சட்டையில் சிகரெட், பஸ்ஸில் டீசல். சிலருக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணிகூட ஆகாது. அந்தச் சில வாரங்களுக்குச் சாம்பிராணியை வாசலோடு நிறுத்திக்கொண்டால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

தோட்டத்துப் பெண்களுக்கு இப்படி விலகிப் போக இடம் இருந்ததில்லை. அம்மோனியா கலந்த பால் வாளி, ரப்பரை உறைய வைக்கும் அமிலம், நாறும் கட்டிப்பால், உர மூட்டை இவற்றோடுதான் முதல் மூன்று மாதங்களையும் ஓட்டினார்கள். இவற்றிலெல்லாம் கொடியது மருந்தடிக்கும் வேலை. முதுகில் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி தெளித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். அவர்களின் உடல் உபாதைகளைத் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து 2002இல் அறிக்கையாக வெளியிட்டன. தெனாகானித்தாவைத் தோற்றுவித்த ஐரின் ஃபெர்னாண்டஸ் 2014இல் காலமானார். பாராகுவாட் களைக்கொல்லிக்கு அந்த 2002இலேயே தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் அது தளர்த்தப்பட்டு, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது.

இதை இங்கே நினைவுபடுத்தக் காரணம் உண்டு. இன்றும் தோட்டத்திலோ நர்சரியிலோ மருந்து கையாளும் வேலையில் இருக்கும் கர்ப்பிணிக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வந்தால் அது மசக்கை மட்டும்தானா என்று கேட்க வேண்டும். வேலை நாளில் கூடி, விடுமுறை நாளில் குறையும் வாந்தியைப் பற்றித் தாதியிடம் வேலையின் விவரத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வாந்திக்கு எலுமிச்சை முகர்வது விடை ஆகாது.

எலுமிச்சைக்கு என்ன சான்று?

'அரோமாதெரபி' என்ற சொல்லைப் பரப்பியவர் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மொரீஸ் கட்டஃபோஸே. 1937இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே அதுதான். ஆனால் கர்ப்பகாலக் குமட்டலுக்கு இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களில் ஈரானியர்கள் முன்னிற்கிறார்கள்.

2014இல் வெளியான ஓர் ஈரானிய ஆய்வில் 100 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்குப் பாதாம் எண்ணெயில் கலந்த எலுமிச்சை எண்ணெய். மறு பிரிவினருக்கு வெறும் பாதாம் எண்ணெய். குமட்டல் வரும்போதெல்லாம் பஞ்சில் நனைத்து முகர வேண்டும். இப்படி நான்கு நாள். எலுமிச்சை முகர்ந்தவர்களுக்கு இரண்டாம் நாளிலும் நான்காம் நாளிலும் குமட்டலும் வாந்தியும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.

புதினாவுக்கு இந்த அளவு நற்செய்தி இல்லை. 2012இல் வெளியான இன்னோர் ஈரானிய ஆய்வில் 60 பெண்கள். இரவில் படுக்கை அருகே தண்ணீர்க் கிண்ணத்தில் நான்கு சொட்டுப் புதினா எண்ணெய் விட்டு வைத்தார்கள். மறு பிரிவுக்கு உப்புநீர். நான்கு இரவுகளுக்குப் பிறகு இரு பிரிவுகளுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு சிக்கலை மறந்துவிடக் கூடாது. மாத்திரை என்றால் உண்மை மாத்திரை எது, போலி எது என்று தெரியாமல் கொடுக்கலாம். மணத்தை எப்படி மறைப்பது? எலுமிச்சை முகர்கிறவளுக்குத் தான் எலுமிச்சைதான் முகர்கிறோம் என்று தெரியும். கேட்டுப் பழகிய நம்பிக்கையும் சேர்ந்து வேலை செய்யும். அதோடு, நான்கு நாள் என்பது மிகக் குறுகிய காலம். மசக்கையோ எட்டு, பத்து வாரம் நீடிப்பது.

உலகம் முழுதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2015இல் இந்தத் துறையில் 41 ஆய்வுகளை, மொத்தம் 5,449 பெண்களின் விவரங்களை, அலசியது. அக்குபங்சர், இஞ்சி, பி6 வைட்டமின், எலுமிச்சை எண்ணெய், புதினா எண்ணெய், மாத்திரைகள் எல்லாம் அதில் அடங்கும். எந்த ஒன்றையும் அடித்துச் சொல்லும் அளவுக்கு உயர்தரமான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரையில் தொடக்கக் காலக் குமட்டலுக்கு இஞ்சி, கெமோமைல், பி6 வைட்டமின், அக்குபங்சர் ஆகியவற்றைப் பெண்ணின் விருப்பத்திற்கும் வசதிக்கும் ஏற்பப் பயன்படுத்தலாம் என்கிறது. நறுமண எண்ணெய் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியானால் எலுமிச்சையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். செலவு சில காசு, முகர்வதால் கெடுதல் இல்லை, பலருக்கு அந்த நேரத்துக்கு ஆறுதல். ஆய்வில் பயன்பட்டது பெரிய மஞ்சள் லெமன். சந்தையில் நாம் வாங்கும் லீமாவ் நீப்பிஸ் அதன் உறவுக்காரன். இரண்டின் தோலிலும் லிமோனின் என்ற மணப்பொருள் இருக்கிறது. பழத்தின் தோலை நகத்தால் கீறி முகர்ந்தாலே போதும். அதற்காகப் புட்டி எண்ணெய் வாங்க வேண்டியதில்லை. அதே மணம் பிடிக்காமல் போனால் அன்றே நிறுத்திவிட வேண்டும். போன பிள்ளைக்குக் கைகொடுத்தது இந்தப் பிள்ளைக்குக் குமட்டலாம்.

கோடாலித் தைலம்

மலேசியத் தமிழர் வீடுகளில் இதற்குத் தனி இடம் உண்டு. சிங்கப்பூரில் 1928இல் தொடங்கப்பட்ட லியுங் காய் ஃபூக் நிறுவனத்தின் தயாரிப்பு. ஊருக்குப் போகிறவர் பெட்டியில் பத்துப் புட்டியாவது இருக்கும். தமிழ்நாட்டு உறவினர்கள் கேட்டு வாங்குவார்கள். தலைவலிக்கும் வயிற்று உப்புசத்திற்கும் தேய்ப்பது போல மசக்கைக்கும் கைவசம் இருப்பது அதுதான்.

இதில் மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், மீத்தைல் சாலிசிலேட் ஆகியவை இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். தூய மீத்தைல் சாலிசிலேட்டில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 300 மில்லிகிராம் மாத்திரைகள் இருபதுக்கும் மேல். தைலப் புட்டியில் அது தூய வடிவில் இல்லை, கலந்துதான் இருக்கிறது. என்றாலும் கணக்கு எந்தத் திசையில் போகிறது என்பது புரியும். கற்பூரத்தின் நிலையும் அதுவே. உள்ளே போனால் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு அது, நஞ்சுக்கொடியையும் கடக்கும்.

ஒரு நாளில் ஓரிரு முறை கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டுத் தூரத்தில் வைத்து முகர்ந்தவர்கள் பதற வேண்டியதில்லை. தவிர்க்க வேண்டியவை வேறு. வயிற்றிலும் நெஞ்சிலும் திரும்பத் திரும்பப் பூசுவது, சூடுநீரில் விட்டு மூடிக்கொண்டு ஆவி பிடிப்பது, சர்க்கரையில் ஒரு சொட்டு விட்டு விழுங்குவது. மூன்றாவதைச் செய்தவர்கள் பழைய தலைமுறையில் உண்டு. 'வாயுவுக்கு நல்லது' என்பார்கள். இத்தகைய தைலங்கள் வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று புட்டியிலேயே இருக்கிறது. பலகாரத்தில் சேர்க்கும் பச்சைக் கற்பூரத்தையும் இந்த மாதங்களில் ஒதுக்குவது நல்லது.

இன்னொரு மணத்தையும் சொல்ல வேண்டும். கர்ப்பகாலத்தில் சிலருக்கு அந்துருண்டை வாசம் பிடித்துப்போகும். அலமாரியைத் திறந்து திறந்து முகர்வார்கள். அதில் உள்ள நாஃப்தலீன் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தை என்றால் ஆபத்து இரட்டிப்பு. அந்தக் குறைபாட்டிற்கு நம் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பரிசோதனை செய்கிறார்கள் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். மணம் ஆசையாக இருக்கிறது என்பதால் உடல் அதைக் கேட்கிறது என்று பொருள் இல்லை.

புட்டியில் வரும் நறுமண எண்ணெய்

மூலிகையிலிருந்து எடுத்ததுதானே என்று இதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சிறு புட்டி எண்ணெய் எடுக்கக் கிலோக்கணக்கில் இலையோ தோலோ தேவைப்படும். புதினாத் துவையலில் போகும் அளவும் புதினா எண்ணெய்ச் சொட்டில் இருக்கும் அளவும் ஒன்றல்ல.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வாசனை வைத்தியம் பயின்றவர்களே பலர் முதல் மூன்று மாதம் நறுமண எண்ணெய்களை உடலில் பூச வேண்டாம் என்கிறார்கள். மசக்கையோ அந்த மூன்று மாதத்தில்தான் உச்சத்தில் நிற்கிறது. அதனால் இந்தக் காலத்திற்கு முகர்தல் ஒன்றே மிச்சம்: பஞ்சில் ஒரு சொட்டு, சில மூச்சு, பிறகு மூடி வைத்துவிடுவது. பின்னர் தேய்ப்பதாக இருந்தாலும் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் கூடாது என்பது பொதுவான அளவு; 30 மில்லிலிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 6 சொட்டு. தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை வகை எண்ணெயைப் பூசிக்கொண்டு நம் ஊர் வெயிலில் நடந்தால் தோல் வெந்து கறுத்துப் போகும். விழுங்குவது எந்த அளவிலும் கூடாது. பென்னிராயல், மருக்கொழுந்து இனத்து மக்வோர்ட், சேஜ், விண்டர்கிரீன் ஆகிய பெயர்கள் புட்டியில் இருந்தால் கர்ப்பிணிகள் முகரவும் எடுக்காமல் இருப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எந்த எண்ணெயின் ஆவியும் மூச்சிறைப்பைக் கிளறிவிடலாம்.

நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் பாரம்பரிய மருந்துகள் நம் நாட்டில் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏவிடம் பதிவு பெற வேண்டும். 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் அதன் அடையாளம். இணையத்தில் வாங்கும் பல புட்டிகளில் இவை இருக்காது. அவை அறைக்கு மணமூட்டும் பொருளாகத்தான் விற்கப்படுகின்றன. வாந்தியை நிறுத்தும் என்று விற்பவர் சொன்னால் அந்த எண்ணைக் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள், ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் என ஏழு துறைகளை அங்கீகரிக்கிறது. அரோமாதெரபி அவற்றில் தனித்துறையாக இல்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டில் புட்டி உயரத்தில் இருக்கட்டும். எண்ணெயையோ தைலத்தையோ யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. மூச்சுத் திணறலோ வலிப்போ இருந்தால் நேராக 999.

மாத்திரை என்றால் ஏன் பயம்?

கர்ப்பகாலத்தில் மாத்திரையே தொடமாட்டேன் என்பவர்கள் பலர். அந்தப் பயத்திற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் பல நாடுகளில் மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. கை கால் வளராமல் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில்தான் அங்கே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த வடு இன்னும் ஆறவில்லை.

அதே பயம் ஒரு நல்ல மருந்தையும் விழுங்கியது. டாக்ஸிலமினும் பி6 வைட்டமினும் சேர்ந்த 'பெண்டெக்டின்' மாத்திரை அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்துவந்தது. குழந்தைகளுக்குக் கேடு என்று வழக்குமேல் வழக்கு வந்ததால் தயாரித்த நிறுவனம் 1983இல் அதை நிறுத்திவிட்டது. கேடு இல்லை என்றே பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அதே சேர்க்கைக்கு 2013இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மீண்டும் ஒப்புதல் கொடுத்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அவதிப்பட்ட பெண்களின் கணக்கை யார் பார்ப்பது? மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வாந்தி மாத்திரையை மறுப்பதற்கு முன் இதையும் எண்ணிப் பார்க்கலாம். மருந்தகத்தில் தானாக வாங்கிப் போடுவது வேறு, அது வேண்டாம்.

இஞ்சிக்கு வாசனையைவிடச் சான்று அதிகம். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது நாளொன்றுக்கு 1 கிராம் அளவு காய்ந்த இஞ்சித்தூள், அதாவது நம் சுக்கு. இரத்தம் இளக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வயிற்றைக் காலியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுவது, எழுந்ததும் காய்ந்த ரொட்டித் துண்டு, சூடான சோற்றைவிட மணம் குறைந்த ஆறிய உணவு ஆகியவை எல்லாரும் அறிந்தவை. அறியாத ஒன்று: கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை சிலருக்குக் குமட்டலைக் கூட்டும். அதைச் சத்தமில்லாமல் குப்பையில் போடுவதைவிடத் தாதியிடம் சொன்னால் நேரத்தையோ மாத்திரையையோ மாற்றிக் கொடுப்பார்கள்.

'மசக்கைதானே' என்று விடக் கூடாத நேரம்

நூற்றில் ஒருவர், இருவருக்கு வாந்தி அளவு மீறிப் போகும். தண்ணீர்கூட வயிற்றில் நிற்காது, எடை இறங்கும், உடல் நீர் வற்றும். இது தனி நோய். மருத்துவமனையில் சொட்டு மருந்தும் வைட்டமினும் ஏற்ற வேண்டியிருக்கும். குறிப்பாக பி1 வைட்டமின் தீர்ந்துபோனால் மூளை பாதிக்கப்படும். இந்த நிலையில் உள்ள பெண்ணுக்கு எலுமிச்சையைக் கொடுத்து உட்கார வைப்பதுதான் வாசனை வைத்தியத்தால் வரும் மிகப் பெரிய கேடு. எண்ணெய் செய்யும் தீங்கைவிட, அதை நம்பிக் கடத்தும் மூன்று நாள் செய்யும் தீங்கு அதிகம்.

ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை, சிறுநீர் எட்டு மணி நேரமாகப் போகவில்லை அல்லது கடுந்தேநீர் நிறத்தில் போகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வாந்தியில் இரத்தம், வயிற்று வலி, கருவுறுவதற்கு முன் இருந்த எடையில் இருபதில் ஒரு பங்கு குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது. அதுவரை வாந்தியே இல்லாதவருக்கு ஒன்பதாம் வாரத்திற்குப் பிறகு புதிதாகத் தொடங்கினாலும் காரணம் வேறாக இருக்கலாம். காய்ச்சலோடு வாந்தி என்றால் நம் வட்டாரத்தில் முதலில் டிங்கியை நினைக்க வேண்டும். நிற்காத வாந்தி டிங்கியின் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று.

கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்திற்குள் அரசு சுகாதார கிளினிக்கில் பதிந்து இளஞ்சிவப்புப் புத்தகத்தை வாங்கிவிட்டால் இதெல்லாம் எளிது. வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதில் ஒட்டும் நிறம் கர்ப்பத்தின் ஆபத்து அளவைக் காட்டும். முதல் பரிசோதனையில் எடுக்கும் எடைதான் பிறகு எவ்வளவு இறங்கியது என்று சொல்ல உதவும் ஒரே அளவுகோல். நிலைமை கடுமையானால் கிளினிக்கிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை பார்ப்பவர்கள் வேலை போய்விடும் என்று வாந்தியை மறைத்துக்கொண்டு நிற்பதுண்டு. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, கர்ப்பமாக இருக்கும் அல்லது கர்ப்பத்தால் வந்த நோயில் இருக்கும் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது முதலாளிக்குக் குற்றம். ஒழுங்கு மீறல், நிறுவனம் மூடப்படுதல் போன்றவை மட்டும் விலக்கு. மருத்துவ விடுப்புச் சான்றிதழில் காரணத்தைத் தெளிவாக எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்டு, அதன் நகலையும் இளஞ்சிவப்புப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.